சனிக்கிழமை மனஉறுதி வகுப்பு

அன்புள்ள சார்,

சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். எனக்குக் கீழே பதினோரு பேர். இரவு ஒன்பதரை மணி கிளையன்ட் காலில் எல்லோரும் உட்காருகிறோம். சமீபத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து வேலையை விட்டுப் போனார்கள். இன்னொருவர் தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இதைச் சொன்னதும் ஹெச்.ஆர். 'மனஉறுதிப் பயிற்சி' ஏற்பாடு செய்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை மூச்சுப்பயிற்சி, போனில் ஒரு ஆப், கடைசியில் மன அழுத்தம் பற்றி ஒரு சர்வே. என் டீமில் ஒரு பெண், "அக்கா, சனிக்கிழமை தூங்கவிட்டாலே போதும்" என்கிறாள். இதில் பலன் உண்டா? மேலே இருப்பவர்களை என்னால் மாற்ற முடியாது. நான் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்), சென்னை

அன்புள்ள வாசகருக்கு,

அந்தப் பெண் விஷயம் தெரிந்தவர்.

பலன் உண்டா என்று ஆக்ஸ்போர்டில் வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் பார்த்திருக்கிறார். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்து அவர் எழுதிய கட்டுரை 2024இல் வந்தது. மனஉறுதி வகுப்பு, தியானம், ஆப் என்று எதிலாவது கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டு வேலைக்குப் போனவர்கள் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. ஏற்கெனவே நொந்துபோனவர்கள்தானே வகுப்புக்குப் போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான், ஒரே சமயத்தில் எடுத்த சர்வேயில் அதை முழுக்கத் தீர்க்க முடியாது. மூச்சுப்பயிற்சியை நான் கேலி செய்யவில்லை. இரவு ஒன்பதரை மணி கிளையன்ட் கால் அப்படியே இருக்கும்போது மூச்சை மட்டும் திருத்தி என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

"மேலே போகப்போகத்தான் டென்ஷன்" என்று எல்லா மேனேஜர்களும் சொல்வார்கள். லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. அங்கே யாரும் பரம ஏழை இல்லை, ஆபத்தான வேலையும் இல்லை. ஆனாலும் இதய நோயால் இறப்பது படிப்படியாகக் கீழே போகப்போகக் கூடியது. உச்சியில் இருந்த அதிகாரிகளோடு ஒப்பிட்டால் கடைநிலை ஊழியர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல். சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரிய வித்தியாசம் மிச்சமிருந்தது. அப்புறம் 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் 10,308 பேரிடம் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் சொல்லுரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரிந்தது. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்கர் 1979லேயே ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: ஆளை முறிப்பது வெறும் வேலைப்பளு இல்லை, பளுவும் இருந்து பேச்சுரிமையும் இல்லாத நிலை.

மேலே இருப்பவர்களை மாற்ற முடியாது என்கிறீர்கள். சரி. ஆனால் அந்தப் பதினோரு பேருக்கு 'மேலே' என்பது நீங்கள்தான்.

ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று கிளையன்டிடம் சொல்லும் முன், அதைச் செய்யப்போகிறவரிடம் கேட்கிறீர்களா? பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஒன்பதரை மணி காலில் பதினோரு பேரும் உட்கார வேண்டுமா? முறைவைத்து இரண்டு பேர் போதும், மற்றவர்களுக்கு மறுநாள் காலையில் நாலு வரி மெயில். ஆன்கால் ரோஸ்டரை, அதாவது வேலை நேரத்துக்கு வெளியே அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற முறைப்பட்டியலை, மாதத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அதை அவர்களுக்குள் மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதி எதற்கு? எஸ்கலேஷன் வந்தால், அதாவது புகார் மேலிடம் வரை போனால், நீங்களே பதில் எழுதுங்கள். இதற்கெல்லாம் வைஸ் பிரசிடென்ட் கையெழுத்து வேண்டியதில்லை. ஆள் பற்றாக்குறை மட்டும் உங்கள் கையில் இல்லை. அதை மெயிலில் எழுதி மேலே அனுப்பிவையுங்கள், வாயால் சொன்னது நிற்காது.

சர்வே விஷயத்தில் ஜாக்கிரதை. ஜப்பானில் 2015 டிசம்பரிலிருந்து, ஐம்பது பேருக்குக் குறையாத பணியிடங்களில் வருடம் ஒருமுறை மன அழுத்தச் சோதனை கட்டாயம். முடிவு ஊழியருக்குத்தான் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குக் காட்டக் கூடாது. அழுத்தம் அதிகம் என்று தெரிந்த ஒருவர் டாக்டரைப் பார்க்கக் கேட்டால் நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும், டாக்டர் கருத்தைக் கேட்டுத் தேவைப்பட்டால் வேலை நேரத்தையும் குறைக்க வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. அதனால் ஹெச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள்: பெயரோடு யார் பார்ப்பார்கள்? பார்த்த பிறகு வேலையில் எது மாறும்? பதில் மழுப்பலாக இருந்தால் டீமிடம் அதை மறைக்காதீர்கள்.

மாத்திரை சாப்பிடுபவரின் கதை வேறு. அவரை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு நாம் ஏதோ செய்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். என்ன நோய் என்று துருவவும் வேண்டாம். இந்த வாரமே இரவு காலிலிருந்தும் ஆன்காலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். மாத்திரையை அவராக வாங்கிப் போடுகிறாரா, டாக்டர் கொடுத்ததா என்று மட்டும் தனியாக விசாரியுங்கள். அவராக வாங்குகிறார் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.