லிஸ்ட்டுக்குள் என்ன இருக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. எங்கிருந்தோ டைப் (எண்ணா, எழுத்தா, லிஸ்ட்டா என்ற வகை) தெரியாத ஒரு மதிப்பு வருகிறது. அதை ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) லிஸ்ட் என்றோ மேப் (கீ-வேல்யூ ஜோடிகளின் தொகுப்பு) என்றோ காஸ்ட் செய்ய, அதாவது இது இந்த டைப்தான் என்று எடுத்துக்கொள்ளப் போனால் ஆப் கிராஷ் ஆகிறது. ஃப்ளட்டர் (டார்ட் மொழி), ஆண்ட்ராய்டு (கோட்லின் மொழி), ஐபோன் (ஸ்விஃப்ட் மொழி) மூன்று பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். கலந்தே பதில் சொல்கிறேன். மற்ற இரண்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுடையது இன்னும் தெளிவாகப் புரியும்.

கேள்வி: ஃப்ளட்டரில் ஒரு ஏபிஐ-யிலிருந்து (சர்வர் தரவு தரும் வழி) ஊர்ப் பெயர்களை எடுக்கிறேன். பிரிண்ட் செய்து பார்த்தால் எல்லாமே ஸ்ட்ரிங்தான். ஆனால் 'ஆஸ்' போட்டு ஸ்ட்ரிங் லிஸ்ட்டாக மாற்றினால், டைனமிக் லிஸ்ட் என்பது ஸ்ட்ரிங் லிஸ்ட்டின் சப்டைப் அல்ல என்று எரர் வருகிறது. உள்ளே இருப்பது ஸ்ட்ரிங் என்றால் இதற்கு என்னதான் பிரச்சினை?

பதில்: டார்ட் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை, அதுதான் பிரச்சினை. ஏபிஐ அனுப்பும் எழுத்து வடிவத் தரவான ஜேசனைப் பிரிக்கும்போது அடுத்து எண் வருமா எழுத்து வருமா என்று 'ஜேசன்டிகோட்' ஃபங்ஷனுக்குத் தெரியாது. அதனால் எல்லா லிஸ்ட்டையும் டைனமிக் லிஸ்ட்டாகவே (உள்ளே எந்த டைப்பும் இருக்கலாம்) உருவாக்குகிறது. உருவானபோது எந்த டைப்போ, கடைசிவரை அதே டைப்தான். 'ஆஸ்' எதையும் மாற்றாது. "நீ ஏற்கெனவே ஸ்ட்ரிங் லிஸ்ட்டா?" என்று கேட்கும்; இல்லை என்றால் எரரை எறியும்.

சமையலறையில் 'பலசரக்கு' என்று லேபிள் ஒட்டிய டப்பாவில் துவரம்பருப்பு மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு டப்பாவைக் கேட்டால், டார்ட் லேபிளைப் படித்துவிட்டு இது இல்லை என்கிறது. கோட்லினுக்கு டப்பாவாக இருந்தால் போதும், எடுத்துக் கொடுத்துவிடும். உள்ளே மிளகாய் கலந்திருந்தால் குக்கரில் போடும்போதுதான் தெரியும். ஸ்விஃப்ட் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும், ஒன்று தப்பாக இருந்தாலும் டப்பாவே கிடைக்காது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த மூன்று குணங்களிலிருந்து வருபவைதான்.

டார்ட் காரணமில்லாமல் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதே லிஸ்ட்டை வேறொரு இடத்தில் இன்னொரு வேரியபிள் டைனமிக் லிஸ்ட்டாகவே பிடித்துக்கொண்டிருக்கலாம். அது ஒரு 42-ஐ உள்ளே தள்ளிவிட்டால் உங்கள் ஸ்ட்ரிங் லிஸ்ட்டின் கதி என்ன? ஆகவே புதிய லிஸ்ட் ஒன்றை உருவாக்குங்கள். ஸ்ட்ரிங் என்று டைப் கொடுத்து 'லிஸ்ட்.ஃப்ரம்' போட்டால், ஒவ்வொன்றையும் சோதித்து நகல் எடுத்துத் தரும். ஒவ்வொரு உறுப்பையும் 'மேப்' மெத்தடில் (கீ-வேல்யூ மேப் வேறு, இது ஒவ்வொன்றாக மாற்றித் தருவது) தனித்தனியாக 'ஆஸ் ஸ்ட்ரிங்' செய்து 'டூலிஸ்ட்' போட்டாலும் அதே விளைவுதான்.

கேள்வி: நான் 'காஸ்ட்' மெத்தடைப் போட்டேன், எரர் போய்விட்டது. ஆனால் இப்போது சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்கிரீனில் கிராஷ் ஆகிறது. ஏன்?

பதில்: எரர் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. 'காஸ்ட்' மெத்தட் லிஸ்ட்டை நகல் எடுப்பதில்லை; பழைய லிஸ்ட்டின் மேல் ஒரு உறையைப் போடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் ஓர் உறுப்பை எடுக்கும் அந்த நொடியில்தான் டைப்பைச் சோதிக்கிறது. லிஸ்ட்வியூவில் பயனர் கீழே தள்ளிக்கொண்டே போய், 37-ஆவது வரியில் ஒரு நல் (மதிப்பே இல்லை என்ற குறி) இருந்தால், அங்கே, விட்ஜெட்டின் (திரையில் தெரியும் பகுதி) பில்ட் மெத்தட் ஓடும்போது வெடிக்கும். எந்த வரியில் கிராஷ் என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸைப் பார்ப்பவர் அந்த விட்ஜெட்டைத்தான் சந்தேகப்படுவார்.

பத்தாயிரம் உறுப்புகளில் முதல் இரண்டைத்தான் தொடப் போகிறீர்கள் என்றால் 'காஸ்ட்' சரி. மற்றபடி வெளியிலிருந்து வந்த தரவுக்கு நான் 'ஃப்ரம்' பக்கம்தான். கெட்ட தரவு ஆப்புக்குள் நுழைகிற வாசலிலேயே பிடிபட வேண்டும். விட்ஜெட் வரை போக விடக் கூடாது. 'வேர்டைப்' என்று இன்னொன்றும் உண்டு. அது பொருந்தாததை ஓசையில்லாமல் தள்ளிவிடும். அதைப் பற்றி எனக்கு இருக்கும் தயக்கத்தைக் கோட்லின் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: கோட்லின் பக்கத்திலிருந்து மெத்தட் சேனல் (டார்ட்டும் கோட்லினும் பேசிக்கொள்ளும் பாதை) வழியாக ஒரு மேப் அனுப்புகிறேன். கோட்லினில் அது ஸ்ட்ரிங் கீ உள்ள மேப்தான். டார்ட்டுக்கு வந்ததும் ஆப்ஜெக்ட் மேப் என்கிறது.

பதில்: சேனலைக் கடக்கும்போது அது பைட்டுகளாகிப் போகிறது, டைப் தகவல் கூடப் போவதில்லை. மறுபக்கம் பைட்டுகளைத் திரும்பப் பிரிக்கும் கோடெக் புதிதாக ஒரு மேப்பைக் கட்டுகிறது. கீ, வேல்யூ இரண்டுமே நல் ஆகக்கூடிய ஆப்ஜெக்ட் என்றுதான் கட்டும். 'இன்வோக்மேப்மெத்தட்' பயன்படுத்தினால் வெளி மேப் சரியாகிவிடும். ஆனால் அது உள்ளே இருக்கும் மேப்பைத் தொடாது. முகவரிக்குள் ஊர், ஊருக்குள் பின்கோடு என்று அடுக்கு இருந்தால் ஒவ்வொரு அடுக்கையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும். சேனல் மெத்தடுகள் ஐந்தாறைத் தாண்டினால் ஃப்ளட்டர் குழுவின் பிஜன் பேக்கேஜுக்கு மாறிவிடுங்கள். டைப்போடு கூடிய கோடை இரண்டு பக்கமும் அதுவே எழுதித் தரும்.

கேள்வி: கோட்லினில் எனி டைப்பை (எதுவாகவும் இருக்கலாம் என்ற டைப்) ஸ்ட்ரிங் லிஸ்ட்டாகக் காஸ்ட் செய்தால் 'அன்செக்டு காஸ்ட்' என்று மஞ்சள் கோடு வருகிறது. கேள்விக்குறி போட்ட 'ஆஸ்' பயன்படுத்தியும் போகவில்லை. ஆபீசில் சீனியரைக் கேட்டேன், சப்ரெஸ் (எச்சரிக்கையை மறைக்கும் குறிப்பு) போட்டுவிடு என்கிறார். போடலாமா சார்?

பதில்: போடுவதற்கு முன் அந்த மஞ்சள் கோடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஜாவாவில் ஜெனரிக்ஸ் (எதன் லிஸ்ட் என்று கோணக் குறிக்குள் எழுதும் வசதி) வந்தது 2004-இல், ஐந்தாம் பதிப்பில். அதற்கு முன் எழுதிய கோடும் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக, கம்பைல் ஆனதும் கோணக் குறிக்குள் இருக்கும் டைப்பை அழித்துவிடும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். கோட்லினும் அதே வழியில்தான் போகிறது. ஓடும் நேரத்தில் ஸ்ட்ரிங் லிஸ்ட், இன்ட் (முழு எண்) லிஸ்ட் இரண்டும் வெறும் லிஸ்ட்தான்.

எனவே நீங்கள் எழுதிய காஸ்ட் "இது லிஸ்ட்டா?" என்று மட்டுமே கேட்கிறது. கேள்விக்குறி போட்டாலும் கேள்வி மாறுவதில்லை. இன்ட் லிஸ்ட்டைக் கொடுத்துப் பாருங்கள்: நல் வராது, லிஸ்ட்டே வரும். சைஸ் கேட்டால் சொல்லும். முழு லிஸ்ட்டையும் லாகில் பிரிண்ட் செய்தால் அழகாக வரும். முதல் உறுப்பை எடுத்து ஸ்ட்ரிங் வேரியபிளில் போடுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன். கேள்விக்குறி இருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

முதலில் நட்சத்திரக் குறி (உள்ளே எதுவானாலும் சரி) போட்ட லிஸ்ட்டா என்று 'இஸ்' வைத்துச் சோதியுங்கள். அதைக் கம்பைலர் ஒத்துக்கொள்ளும். பிறகு 'ஃபில்டர்இஸ்இன்ஸ்டன்ஸ்' போட்டு ஸ்ட்ரிங்குகளை மட்டும் எடுக்கலாம். ரீஃபைட் என்ற வசதி இருப்பதால் அதற்கு மட்டும் டைப் அழியாமல் கிடைக்கிறது. ஆனால் மேலே சொன்ன தயக்கம் இங்கேதான். இது பொருந்தாததை எரர் இல்லாமல் விட்டுவிடும். ஹேஷ்டேக் லிஸ்ட்டில் ஒன்று குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பில்லில் ஒரு பொருள் காணாமல் போனால்? அதற்கு ஆப் கிராஷ் ஆகியிருப்பதே நல்லது. அப்படிப்பட்ட இடத்தில் 'ஆல்' போட்டு எல்லா உறுப்பும் ஸ்ட்ரிங்தானா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் நல் கொடுக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஃபங்ஷனுக்குள், சோதனைக்கு அடுத்த வரியில், சப்ரெஸ் தாராளமாகப் போடலாம். உங்கள் சீனியர் சொன்னதும் சரிதான், இடம்தான் வேறு.

ஒரு எச்சரிக்கை: ரீஃபைட் வைத்தாலும் ஒரு அடுக்குதான் தெரியும். லிஸ்ட்டுக்குள் ஸ்ட்ரிங் லிஸ்ட் என்று கேட்டால் உள் லிஸ்ட்டின் டைப் மறுபடியும் அழிந்தே இருக்கும்.

கேள்வி: ஜிசானில் (ஜேசனைப் படிக்கும் ஒரு லைப்ரரி) ஜேசனைப் படித்து என் டேட்டா கிளாஸ் லிஸ்ட்டாகக் காஸ்ட் செய்தால், லிங்க்டு ட்ரீ மேப்பைக் காஸ்ட் செய்ய முடியாது என்கிறது. டைப்டோக்கன் போட்டதும் சரியானது, ஆனால் ரிலீஸ் பில்டில் திரும்பவும் கிராஷ்!

பதில்: முதல் பாதி எளிது. லிஸ்ட் கிளாஸை மட்டும் கொடுத்தீர்கள். எதன் லிஸ்ட் என்று ஜிசானுக்கு எப்படித் தெரியும்? கிடைத்த ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் தன் சொந்த மேப்பாக வைத்துக்கொண்டது. எண்களையும் அப்படியே டபுள் (தசம எண்) ஆக்கியிருக்கும்; ஐடி 5 என்பது 5.0 ஆகியிருக்கும், பாருங்கள்.

டைப்டோக்கன் ஒரு தந்திரம். ஒரு சப்கிளாஸ் எழுதினால், அதன் தாய் கிளாஸுக்குக் கொடுத்த டைப் மட்டும் கிளாஸ் ஃபைலில் சிக்னேச்சர் என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கும். டைப் அழிந்தாலும் அது நிற்கும். அதனால்தான் டைப்டோக்கனுக்குப் பின்னால் அந்த விநோதமான அடைப்புக்குறி எல்லாம். ரிலீஸ் பில்டில் கோடைச் சுருக்கும் கருவியான ஆர்8 வந்து, யாருக்கு வேண்டும் இது என்று சிக்னேச்சரையும் துடைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்இன் 8.0 முதல் ஆர்8-இன் ஃபுல் மோடு தானாகவே ஆன் ஆகியிருப்பதால் இது அதிகம் தெரிகிறது. ஜிசானின் புதிய பதிப்புக்கு ஏறுங்கள், தேவையான கீப் விதிகள் (எதைத் துடைக்கக் கூடாது என்று ஆர்8-க்குச் சொல்பவை) கூடவே வரும். புது புராஜெக்ட் என்றால் ஜிசானே வேண்டாம், கோட்லின் சீரியலைசேஷனில் தொடங்குங்கள்.

கேள்வி: டார்ட்டில் விலை சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இன்ட் என்பது டபுள் அல்ல என்கிறது.

பதில்: 49.5 வந்தால் டபுள், 50 வந்தால் இன்ட். 'நம்' (இரண்டுக்கும் பொதுவான எண் டைப்) என்று காஸ்ட் செய்து 'டூடபுள்' போடுங்கள். குரோமில் ஓட்டிப் பார்த்துவிட்டு சரியாக இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அங்கே ஜாவாஸ்கிரிப்ட் எண் என்பதால் இரண்டும் ஒன்றுதான், போனில்தான் மாட்டுவீர்கள்.

கேள்வி: ஸ்விஃப்டில் ஜேசன்சீரியலைசேஷன் (ஜேசனைப் பிரிக்கும் கிளாஸ்) கொடுத்ததை டிக்ஷனரி அரேவாகக் (மேப்களின் லிஸ்ட் போல) காஸ்ட் செய்கிறேன். ஒரு குறிப்பிட்ட கஸ்டமருக்கு மட்டும் நில் (ஸ்விஃப்டில் மதிப்பு இல்லை என்பது) வருகிறது. மற்றவர்களுக்குப் பிரச்சினையே இல்லை.

பதில்: அந்தக் கஸ்டமரின் தரவில் எங்கோ ஒரு நல் உட்கார்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஜேசனின் நல், ஸ்விஃப்டின் நில் ஆக வருவதில்லை. என்எஸ்நல் என்ற ஆப்ஜெக்டாக வருகிறது. அது டிக்ஷனரி அல்ல, எனவே முழு அரேயும் நில். முதலில் எனி அரேவாகக் காஸ்ட் செய்து, 'காம்பாக்ட்மேப்' உள்ளே ஒவ்வொன்றையும் தனியாகக் காஸ்ட் செய்யுங்கள். எத்தனை விழுந்தன என்று லாகிலும் எழுதிவையுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. காலியான அரேயை எந்த டைப்பாகக் கேட்டாலும் ஸ்விஃப்ட் சரி என்றுவிடும், சோதிக்க ஒன்றுமில்லையே. எனவே காலித் தரவு வைத்து டெஸ்ட் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். அப்புறம், ஜேசனில் வரும் 1-ஐ பூல் (உண்மை/பொய் டைப்) என்று கேட்டாலும் உண்மை என்றே பதில் வரும். இன்ட்டா பூலா என்று காஸ்ட் வைத்துத் தீர்மானிக்கும் கோடு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

2017-இல் ஸ்விஃப்ட் 4-உடன் கோடபிள் (ஜேசனை நேரே உங்கள் டைப்பாக மாற்றும் வசதி) வந்த பிறகு இவ்வளவு கஷ்டம் தேவையில்லை. அதிலும் ஒரு நல் முழு அரேயையும் கவிழ்க்கும்தான், ஆனால் எந்த இடத்தில், எத்தனையாவது உறுப்பில் என்று எரரிலேயே சொல்லும். நல் வரக்கூடும் என்று தெரிந்தால் உறுப்பை ஆப்ஷனலாக (நில் ஆகவும் இருக்கலாம் என்று) அறிவியுங்கள்.

கேள்வி: ஃபயர்பேஸ் ரியல்டைம் டேட்டாபேஸில் நேற்றுவரை மேப்பாக வந்தது இன்று லிஸ்ட்டாக வருகிறது. கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை, சத்தியமாக.

பதில்: நம்புகிறேன். உங்கள் கீகள் 0, 1, 2 என்று எண்களாக இருக்க வேண்டும். ஃபயர்பேஸில் லிஸ்ட் என்று தனியாகக் கிடையாது, எல்லாமே கீ-வேல்யூதான். ஆனால் பூஜ்யத்திலிருந்து மிகப் பெரிய கீ வரை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால், அது அரேதான் என்று எடுத்துக்கொண்டு லிஸ்ட்டாகக் கொடுக்கும். இடையில் விடுபட்ட இடங்களில் நல் இருக்கும். யாரோ சில பதிவுகளைச் சேர்த்திருப்பார்கள், பாதி என்ற கோட்டைத் தாண்டியிருக்கும். 'புஷ்' மெத்தட் தானாகவே உருவாக்கிக் கொடுக்கும் கீயைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேருங்கள். ஏற்கெனவே உள்ள தரவை மாற்ற முடியாத நிலை என்றால் இரண்டு வடிவத்தையும் சோதித்து, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஃபங்ஷன் வேண்டும்.

கேள்வி: ஆண்ட்ராய்டில் இன்டென்ட் (ஒரு ஸ்கிரீனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் செய்தி) வழியாக லிங்க்டு ஹேஷ் மேப் (சேர்த்த வரிசையைக் காக்கும் மேப்) அனுப்பினேன். எடுக்கும் இடத்தில் அதே டைப்பாகக் காஸ்ட் செய்தால் கிராஷ். நான் போட்டது அதுதானே?

பதில்: போட்டது அதுதான், வந்தது வேறு. இன்டென்ட் தரவைப் பார்சலில் (அனுப்புவதற்கான பைட் பொட்டலம்) எழுதும்போது ஆண்ட்ராய்டு அது சீரியலைசபிளா (பைட்டுகளாக மாற்றக்கூடிய கிளாஸா) என்று பார்ப்பதற்கு முன்பே மேப்பா என்று பார்த்துவிடுகிறது. மேப் என்று தெரிந்ததும் தன் வழியில் எழுதி, மறுபக்கம் சாதாரண ஹேஷ் மேப்பாகப் பிரிக்கிறது. உங்கள் வரிசையும் அதோடு போயிற்று. மேப் என்று மட்டும் காஸ்ட் செய்தால் கிராஷ் நிற்கும், வரிசை திரும்பாது. வரிசை முக்கியம் என்றால் கீகளை ஓர் அரே லிஸ்ட்டாகவும் வேல்யூக்களை இன்னொன்றாகவும் அனுப்புங்கள், அல்லது மேப்பை வேறொரு சீரியலைசபிள் கிளாஸுக்குள் வைத்து அந்தக் கிளாஸை அனுப்புங்கள்.