பட்டா நிலத்துத் தேக்கை வெட்டி விற்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் மலையடிவாரத்தில் எனக்கு 7 ஏக்கர் பட்டா நிலம் உள்ளது. ஒரு பகுதியில் என் தந்தை நட்ட தேக்கு. மீதியில் தானாக வளர்ந்த மரங்கள், இடையே சில சந்தன மரங்கள். ஆண்டுதோறும் முதிர்ந்த மரங்களை மட்டும் வெட்டி உள்ளூர் ஆசாரிகளுக்கு விற்க விரும்புகிறேன். வியாபாரி ஒருவரோ, காகித வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதாகக் கூறி, அனைத்தையும் மொத்தமாகக் கேட்கிறார்.

பதில்: பட்டா உங்கள் பெயரில் இருப்பதனால் மட்டும் வெட்டும் உரிமை முழுமையாகிவிடாது. தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949-இன்படி, தொடர்ச்சியாக 2 ஹெக்டேருக்கு (சுமார் 5 ஏக்கர்) மேற்பட்ட தனியார் காட்டை மாவட்டக் குழு காடாக அறிவிக்க முடியும். உங்கள் நிலம் அந்த அளவைத் தாண்டுவதால், அத்தகைய அறிவிப்பு உள்ளதா என்பதை மாவட்ட வன அலுவலரிடம் முதலில் எழுத்துமூலம் கேளுங்கள். இருக்குமானால், குழுவின் முன் அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது என்பதோடு, நிலத்தை விற்பதோ குத்தகைக்கு விடுவதோகூடச் செல்லாது. ஆனால் பட்டுப்போன, விழுந்த மரங்களை அகற்றவும், வழக்கமான வீட்டுத் தேவைக்கும் ஏர், கலப்பை போன்ற வேளாண் கருவிகளுக்கும் எடுத்துக்கொள்ளவும் அச்சட்டமே இடமளிக்கிறது. காடு வெறுமையாகிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கமாதலால், முதிர்ந்தவற்றை மட்டும் எடுக்கும் உங்கள் திட்டத்துக்கு அனுமதி கோருவது, மொத்தமாக வெட்டக் கோருவதைவிட எளிது என்பது என் கருத்து.

கிராமம் மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அனுமதி வேண்டும். மேலும், காடு யாருக்குச் சொந்தம் என்பதைப் பாராமல் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கோதவர்மன் வழக்கில் கூறியிருப்பதால், காடாகக் கருதப்படக்கூடிய தானாக வளர்ந்த பகுதியையும் நட்டு வளர்த்த தேக்குத் தோப்பையும் வரைபடத்தில் தனித்தனியே காட்டுவது நல்லது. தேக்கு நடப்பட்டது என்பதைக் காட்ட, கிராமத்துச் சாகுபடிப் பதிவேடான அடங்கல் உதவும்.

சந்தனத்தை நீங்களோ வியாபாரியோ தொடவே கூடாது. 2008-ஆம் ஆண்டின் பட்டா நிலச் சந்தன மர விதிகளின்படி வனத்துறையே அதை வெட்டி விற்று, விற்பனைத் தொகையில் 80 சதவீதத்தை உரிமையாளருக்குத் தரும்.

வெட்டுவதற்குத் தடையில்லை என்றாலும், மரத்தை வண்டியில் ஏற்றுவது வேறு விஷயம். அதற்கு 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் உள்ளன. பட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவற்றுடன் அனுமதிச் சீட்டை உங்கள் பெயரிலேயே பெறுங்கள். வியாபாரியின் வாக்குறுதியை நான் ஏற்க மாட்டேன். சீட்டில் குறித்ததைவிட ஒரு மரம் கூடுதலாக வண்டியில் இருந்தாலும் விசாரணை நில உரிமையாளரிடம்தான் முதலில் வரும். யாருக்கு விற்றாலும், ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, சுற்றளவைக் குறித்து, எந்த மரங்கள் விற்கப்படுகின்றன என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வன அலுவலரின் பதில் கையில் வரும்வரை அச்சாரம் வாங்க வேண்டாம்.