ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் கட்ட வேண்டியவர் யார்?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறாள். பிரிட்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர் வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஏஜென்ட் ஒருவர் ஒன்பது லட்சம் ரூபாய் கேட்கிறார். கடிதத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கட்டலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: கட்ட வேண்டாம்; பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பிரிட்டனில் ஸ்பான்சர்ஷிப் என்பது, அந்நாட்டு உள்துறையிடம் உரிமம் பெற்ற நிறுவனம், குறிப்பிட்ட ஒரு பணிக்காகக் குறிப்பிட்ட ஒருவரின் பெயரில் இணையவழியாகப் பதிவு செய்யும் சான்றாகும். வண்ண முத்திரையும் கையெழுத்தும் போட்ட கடிதமாக அது வருவதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த குறிப்பு எண் ஒன்றுதான் கிடைக்கும். அது வழங்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சான்றுக்கான கட்டணம் 2025 ஏப்ரல் முதல் 525 பவுண்ட். அதைச் செலுத்த வேண்டியவர் முதலாளி. பணியாளரிடமிருந்து அதை வசூலிக்கவே கூடாது என்பது அங்குள்ள விதி. ஆக, விற்கக் கூடாத ஒன்றைத்தான் அந்த ஏஜென்ட் உங்களுக்கு விலை பேசுகிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. பராமரிப்பாளர் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. உங்களிடம் காட்டப்பட்ட கடிதத்தில் இருப்பது உண்மையான நிறுவனத்தின் பெயராகவே இருந்தாலும், அதை வைத்து உங்கள் மகள் இங்கிருந்து விசா பெற முடியாது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மோசடிக்காரர்கள் அந்தப் பட்டியலிலிருந்தே பெயரை எடுப்பதும் உண்டு என்பதால், கடிதத்தில் உள்ள மின்னஞ்சலை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

படித்த நர்ஸை எதற்காகப் பராமரிப்பாளராக அனுப்ப வேண்டும் என்பதே என் முதல் கேள்வி. நர்ஸ் பணிக்கான வழி திறந்தே இருக்கிறது. ஐஇஎல்ட்ஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வு, இந்தியாவிலேயே எழுதக்கூடிய சிபிடி என்னும் கணினித் தேர்வு, அங்கு போனபின் ஓஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு ஆகியவற்றில் தேறி, அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். நாளாகும்; ஆனால் அதற்கு ஒன்பது லட்சம் ஆகாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. அங்கு முதலில் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி எட்டாம் வகுப்பு வரை படித்தவன், ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை செய்கிறான். ஷார்ஜாவில் கிடங்கு வேலை இருக்கிறது, விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?
- வாசகி, ஆம்பூர்

பதில்: சரியன்று. பத்தாம் வகுப்பு தேறாதவர், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். 'விசிட்' என்று சொல்லிப் போனால் அந்த அனுமதியும் இருக்காது, ஒப்பந்தமும் எங்கும் பதிவாகாது. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் நேர்ந்தாலோ 10 லட்சம் ரூபாய் தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கிடைக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு வரி நீங்கலாக 275 ரூபாய் பிரீமியம் உள்ள அந்தப் பாதுகாப்பை, ஏஜென்டின் அவசரத்துக்காக இழப்பானேன்?

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். அமீரகத் தொழிலாளர் சட்டமோ, ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதையே தடை செய்கிறது. வேலைக்கான ஆஃபர் லெட்டரை அங்குள்ள அமைச்சகம் தமிழிலும் தருகிறது என்பதால், "அரபியில்தான் இருக்கும், பேசாமல் கையெழுத்துப் போடு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தம்பி தமிழில் வாசித்து, சம்பளமும் வேலையின் பெயரும் சொன்னபடி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடட்டும். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், புகாருடன் வேலூருக்கு அலைய வேண்டாம். ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதால் திருப்பத்தூர் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஹெச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கும் என் மகனின் நிறுவனம் ஆட்குறைப்பு செய்யப்போகிறதாம். வேலை போனால் உடனே ஊருக்குத் திரும்ப வேண்டுமா?
- வாசகர், காட்பாடி

பதில்: உடனே அன்று. பணி முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. அங்கே தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் அவரது ஐ-94 பதிவு அதற்கு முன்பே காலாவதியானால் அந்த நாள் வரைதான். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஹெச்-1பி மனு தாக்கல் செய்துவிட்டால், முடிவு வரும்வரை காத்திராமல் அங்கே வேலையில் சேரலாம். இப்போதே அவர் சம்பளச் சீட்டுகளையும் ஹெச்-1பி மனு ஏற்கப்பட்டதற்கான ஐ-797 ஒப்புதல் கடிதத்தையும் அலுவலகக் கணினியிலிருந்து தம்மிடம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். வேலை போன நாளில் அந்தக் கணினி திறக்காது.