செல்லுக்குள் பொட்டாசியம் - கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை அளக்க ஒளிரும் சாயங்களை உருவாக்குவது பெரும்பாடு என்று எழுதியிருந்தீர்கள். நான் அஸ்தம்பட்டியில் ஒரு லேபில் டெக்னீஷியன். எங்கள் மெஷினில் சாம்பிளை வைத்தால் சில நிமிடங்களில் பொட்டாசியம் அளவு வந்துவிடுகிறது. இதில் என்ன பாடு?

- ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மெஷின் பார்ப்பது சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தை. அது செல்லுக்கு வெளியே இருப்பது. அங்கே பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். செல்லுக்குள் சுமார் 140. ரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்த சாம்பிளில் பொட்டாசியம் எகிறுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தச் சரக்கு உள்ளேயிருந்து வருவதுதான்.

ஆக, உள்ளே பொட்டாசியம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. 140 என்பது 130 ஆனால் தெரியுமா என்பதுதான் கேள்வி. தீபாவளிக் கூட்டத்தில் நம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் கிளம்பிப் போனதை மாடியிலிருந்து பார்த்துச் சொல்வது போல. பொட்டாசியத்தைப் பிடித்தால் சாயத்தின் ஒளி மாறும், அதை வைத்துத்தான் அளக்கிறோம். சாயம் இறுக்கிப் பிடித்தால் அதன் எல்லா மூலக்கூறும் முன்பே நிரம்பியிருக்கும். ஒளி கூடாது, குறையாது. தளர்வாகப் பிடிக்க வேண்டும். வெளியே அளக்கவோ இறுக்கமான பிடி வேண்டும், அதுவும் 140 சோடியத்துக்கு நடுவில் நாலைத் தேடிப் பிடிக்க. ஒரே சாயம் இரண்டுக்கும் உதவாது.

இந்த வகை மெஷின்களின் மின்முனையில் பெரும்பாலும் வாலினோமைசின் இருக்கும். பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைச் சீந்தாத அருமையான மூலக்கூறு. அதையே செல்லில் போடலாமே? போட்டால் அது பொட்டாசியத்தைச் சவ்வு தாண்டிக் கடத்த ஆரம்பித்துவிடும். அளக்கப் போன இடத்தில் அளவையே மாற்றிவிடும்.

1989-இல் மின்டா, ரோஜர் சியன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட பி.பி.எஃப்.ஐ. சாயத்தில், அயனியை நடுவில் பிடித்துக்கொள்ளும் கிரவுன் ஈதர் வளையம் ஒன்று உண்டு. சோடியத்தைவிடப் பொட்டாசியத்தின் மேல் அதற்கு ஒன்றரை மடங்கு நாட்டம்தான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது! அப்புறம் 2017-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் ஆய்வாளர்கள் ஈ.கோலை பாக்டீரியாவின் பொட்டாசியம் பிடிக்கும் புரதத்தை இரண்டு ஒளிரும் புரதங்களுக்கு நடுவில் பொருத்தினார்கள். இதுதான் உணரி. பொட்டாசியம் சேர்ந்தால் நடுவில் இருக்கும் புரதம் மடங்கும், நீல ஒளி குறைந்து மஞ்சள் கூடும். இரண்டின் விகிதத்தைப் பார்ப்பதால் எந்தச் செல்லில் உணரி எவ்வளவு இருக்கிறது என்ற குழப்பமும் குறைவு. எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

சரி, எதற்கு இவ்வளவும்? ஏற்காட்டுக் காப்பி இலையின் அடிப்பக்கத் துளைகள் திறப்பது, காவல் செல்களுக்குள் பொட்டாசியம் புகுந்து அவை உப்புவதால். இலையை அரைத்து அளந்தால் மொத்தக் கணக்கு கிடைக்கும். எந்தச் செல்லுக்குள் எப்போது போனது என்று தெரிய, அந்தச் செல் உயிரோடு இருக்க வேண்டும். சீரத்துக்கு இந்தத் தேவை இல்லை. அங்கே உங்கள் மின்முனையே போதும்.