'நோஸ்ஃபெராட்டு' படத்தை இன்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. அதை ஏன் இன்னும் பெரிய படம் என்கிறார்கள்?

1922 இல் ஜெர்மனியில் வந்த இந்த இரத்தக் காட்டேரி மௌனப்படத்தின், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன், உங்களைப் போலவே சிரித்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

கல்லூரியில் எங்கள் திரைப்படக் கழகத்தை நடத்திவந்த நண்பர், எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த ஒரு பிரதியைத் திரையிட்டார். ஆட்கள் பொம்மைகளைப் போல் துள்ளித் துள்ளி நடந்தார்கள். இறுதியில் சூரிய ஒளி பட்டு அழிந்துபோகும் இரத்தக் காட்டேரி ஓர்லாக் பிரபு, அதற்குச் சற்று முன்புதான் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடந்துபோனார். இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு கழகத்தின் கையெழுத்து இதழில் இரண்டு பக்கம் எழுதினேன். பலர் பாராட்டினார்கள். அந்த நண்பர் மட்டும் எதுவும் பேசவில்லை.

2020 ஊரடங்கின்போது சீரமைக்கப்பட்ட பிரதியைப் பார்த்த பிறகுதான் நான் எழுதியது எவ்வளவு தவறு என்று விளங்கியது. 1922 இல் இருந்த படச்சுருளுக்கு இரவு வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் திறன் போதாது. ஆகவே இயக்குநர் முர்னாவ் இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, திரையரங்குக்குப் போகும் பிரதியில் அந்தப் பகுதிகளுக்கு நீலச் சாயம் ஏற்றும்படி செய்தார். நீலம் இரவு, விளக்கெரியும் அறை மஞ்சள், விடியல் இளஞ்சிவப்பு என்பது அன்றைய பார்வையாளர்களுக்குப் பழகிப்போன மொழி. சாயமில்லாமல் மறுபடி எடுக்கப்பட்ட பிரதிகளில் அந்த மொழி முழுவதும் அழிந்துவிட்டது. வேகமும் அப்படித்தான்: நொடிக்கு ஏறத்தாழ 18 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தை, பேசும்படத்துக்குரிய 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் நடப்பவர்கள் துள்ளத்தான் செய்வார்கள். நான் கண்ட முரண்பாடு முர்னாவுடையது அல்ல, அந்தப் பிரதியுடையது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. இந்தப் படத்துக்கு மூலம் பிராம் ஸ்டோக்கர் 1897 இல் எழுதிய 'டிராகுலா' நாவல். அதில் டிராகுலா பிரபு பகலிலும் லண்டன் தெருவில் நடமாடுவார். சூரியன் மறையும் தறுவாயில் கத்திகளுக்கு இரையாகிச் சாவார். வெயில் பட்டால் இரத்தக் காட்டேரி அழியும் என்பது இந்தப் படம் கொண்டுவந்த கற்பனை. அதற்குப் பின் வந்த எத்தனையோ படங்கள் அதை எடுத்தாண்டிருக்கின்றன. அந்தப் புதுமையையே நான் ஓட்டை என்று எழுதியிருந்தேன்.

'நிறத்தையும் வேகத்தையும் சரிசெய்தால் மட்டும் நல்ல படமாகிவிடுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. கதாநாயகன் ஹுட்டராக நடித்தவரின் மிகையான சிரிப்பு இன்றும் எனக்கு ஒட்டவில்லை. வேகமாக ஓடவிட்ட குதிரைவண்டிக் காட்சியும் பயமூட்டவில்லை. ஆனால் கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்த பிறகு வரும் காட்சிகளை எந்தக் குறையும் தொடவில்லை. ஒருவர் தம்பட்டமடித்து அரசு அறிவிப்பைப் படிக்கிறார், சன்னல்கள் மூடிக்கொள்கின்றன, வீட்டுக் கதவுகளில் சுண்ணக்கட்டியால் சிலுவைக்குறி இடப்படுகிறது, ஆளரவமற்ற தெருவில் சவப்பெட்டிகள் வரிசையாகப் போவதை ஹுட்டரின் மனைவி எல்லன் மேலிருந்து பார்க்கிறாள். உலகப்போரும் ஸ்பானிஷ் காய்ச்சலும் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஜெர்மனியில் எடுக்கப்பட்ட காட்சிகள் இவை. எங்கள் தெருவின் இரு முனைகளிலும் தகரத்தட்டி அடைத்து, இரண்டு வீடுகள் தள்ளியிருந்த பெரியவரை முகம்கூடக் காட்டாமல் கொண்டுபோன வாரத்தில்தான் நான் அவற்றைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. ஓர்லாக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் நிழல் மாடிப்படியில் ஏறும்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தப் படம் மிஞ்சியதே அரிது. தயாரித்த பிரானா நிறுவனம் நாவலுக்கு அனுமதி வாங்கவில்லை. டிராகுலாவை ஓர்லாக் என்றும், ஹார்க்கரை ஹுட்டர் என்றும் பெயர் மாற்றியதோடு சரி. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். 1925 இல் பிரதிகளை அழிக்கும்படி பெர்லினில் தீர்ப்பாயிற்று. அவர் கேட்டது நியாயமே என்றுதான் நினைக்கிறேன், கணவரின் உழைப்பு அது. ஆனாலும் வெளிநாடுகளில் தங்கிவிட்ட சில பிரதிகள் தப்பின. காட்சிகளுக்கு இடையே வசனம் காட்டும் எழுத்தட்டைகள் பிரெஞ்சில் இருக்கப் பிழைத்த, சாயமேற்றிய ஒரு 1922 பிரதியே பின்னாளில் நிறங்களை மீட்க வழிசெய்தது.

பிறகு அந்தக் கழக நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஏறத்தாழ 94 நிமிடம் ஓடும் பிரதியைத் தேடுங்கள். ஓர்லாக் சவப்பெட்டியோடு ஊருக்குள் வரும் காட்சியை முதலில் ஓட்டிப் பாருங்கள். தெரு நீலமாக இருந்தால், தொடக்கத்திலிருந்து பாருங்கள்.