‘அவர்களும் தமிழர்களே’ என்று மேடையில் சொல்லலாமா?

கேள்வி: மேற்கு சிட்னியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கம் அடுத்த மே மாதம், பூர்வகுடிகளோடான நல்லிணக்க வாரத்தில் ஒரு பண்பாட்டு விழா நடத்த நினைக்கிறது. அபாரிஜினல் நடனம், நம் பரதம், பறை, இரவுச் சாப்பாடு. கூடவே ‘ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் தமிழர்களே’ என்று ஒரு சொற்பொழிவு. செயற்குழுவில் ஒருவர் மட்டும், “நாம் யார் நிலத்தையும் பறிக்கவில்லை, நமக்கெதற்கு இது?” என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(ஒரு வாசகர், டூங்காபி)

பதில்: முதலில் அந்தச் சொற்பொழிவை ரத்து செய்யுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இந்தக் கதை பழையது. திராவிட மொழிகளின் ‘நான்’, ‘நீ’ போன்ற தன்மை, முன்னிலைப் பெயர்களுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் ஒற்றுமை தெரிவதாகக் கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் மொழியியலாளர்கள் அந்த உறவை நிறுவவில்லை. 2013இல் ஒரு மரபணு ஆய்வு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து சிலர் அங்கே போயிருக்கலாம் என்றது. நம் வாட்ஸ்அப் குழுக்கள் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டன. தந்தைவழி மரபணுவை ஆராய்ந்த 2016 ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னதை யாரும் அனுப்பக் காணோம். பூர்வகுடிகள் அந்த மண்ணுக்கு வந்து குறைந்தது 50,000 ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளையர் வந்து இறங்கியபோது அங்கே 250க்கு மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. அதில் எந்த மொழிக்காரரை நம் சித்தப்பா என்று சொல்லப் போகிறீர்கள்? நிலம், பிள்ளைகள், மொழி எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களை விருந்தாளியாகக் கூப்பிட்டு, உங்கள் முன்னோரும் எங்களுடையவர்கள்தான் என்று மைக்கில் அறிவிப்பது என்ன மரியாதை?

உறவு வேண்டுமென்றால் நிஜமான ஒன்று இருக்கிறது. தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளி ஆசிரியர். 1881இல் மரே ஆற்றங்கரையில் இருந்த மலோகா மிஷன் என்ற பூர்வகுடிகளுக்கான கிறித்தவக் குடியிருப்புக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கேயும் பிறகு கம்மராகஞ்சாவிலுமாக நாற்பது ஆண்டுகள் யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடி இனத்தின் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எழுத்தறிவித்தார். அந்த ஊர்ப் பெண்ணான ஏடா கூப்பரை மணந்து அங்கேயே வேர்விட்டார். ஏடாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர்தான் வில்லியம் கூப்பர். பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் இடம் வேண்டும் என்று சுமார் 1,800 கையெழுத்தோடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு மனு எழுதியவர். அந்த மனுவை லண்டனுக்கு அனுப்பாமலே வைத்துக்கொண்டது ஆஸ்திரேலிய அரசு. ஜேம்ஸிடம் படித்த இன்னொரு பையன் டக் நிக்கல்ஸ், 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரானார். சொற்பொழிவு இருந்தே ஆக வேண்டும் என்றால் இதைப் பேசச் சொல்லுங்கள். ஜேம்ஸ் அங்கே போய் வேலை செய்தார். ‘நீங்களும் எங்கள் ஆட்கள்’ என்று மாலை போடப் போகவில்லை.

இப்போது உங்கள் செயற்குழு நண்பர். அவர் சொல்வது ஒரு வகையில் சரிதான், அவர் யார் நிலத்தையும் பறிக்கவில்லை. ஆனால் எந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். 1797 மார்ச்சில் பெமுல்வுய் என்ற பிட்ஜிகல் இனப் பூர்வகுடி வீரர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு தாக்கியது உங்கள் டூங்காபியில் இருந்த அரசுப் பண்ணையைத்தான். தொடர்ந்து பரமட்டாவில் நடந்த சண்டையில் குண்டடிபட்டுப் பிடிபட்டார், காலில் விலங்கோடு தப்பித்தார். 1802இல் சுட்டுக் கொன்று, தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அது இன்றுவரை திரும்பி வரவில்லை. கிரேஸ்டேன்ஸ் பக்கம் அவர் பெயரிலேயே ஒரு புறநகர் இருக்கிறது, நம்மவர்கள் அங்கேயும் வீடு வாங்கியிருப்பார்கள்.

வீட்டுப் பத்திரத்தை நினைத்து அவர் பயப்பட வேண்டாம். பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்று 1992 ஜூன் 3 அன்று வந்த மாபோ தீர்ப்பு, தனியாருக்கு முழு உரிமையாகக் கொடுக்கப்பட்ட நிலங்களைத் தொடவில்லை. அந்தக் கண்டம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற இருநூறு வருடப் பொய்யைத்தான் உடைத்தது. வழக்கை நடத்திய எடி மாபோ அதைக் கேட்க உயிரோடு இல்லை, நாலரை மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டார். நல்லிணக்க வாரம் முடிவது அந்தத் தீர்ப்பு வந்த தேதியில். தொடங்குவது மே 27, 1967இல் பொதுவாக்கெடுப்பு நடந்த நாள். மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றிருந்த அரசியல் சட்டப் பிரிவை நீக்க அன்று 90 சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ என்றார்கள். 2023 அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அவர்களுக்கு ஓர் அமைப்பு வேண்டுமா என்று இன்னொரு பொதுவாக்கெடுப்பில் கேட்டபோது சுமார் 60 சதவீதம் ‘இல்லை’ என்றது. அந்த வரிசையில் குடியுரிமை வாங்கிய நம்மவர்களும் நின்றார்கள். நமக்கெதற்கு என்று கேட்கும் நண்பர் எந்தப் பக்கம் போட்டார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவரிடமும் கேட்கப்பட்டது.

பூர்வகுடிகள் தங்கள் பண்பாட்டைக் கொண்டாட ஜூலையில் நடத்தும் நெய்டாக் வாரத்தை வெறும் ஆட்டம் பாட்டமாக எண்ணிவிடாதீர்கள். வெள்ளையர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டை 1938 ஜனவரி 26 அன்று சிட்னி ஊர்வலம் விட்டுக் கொண்டாடியபோது, கூப்பரும் தோழர்களும் அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். டவுன் ஹாலைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கிடைத்த மண்டபத்திலும் பின்வாசல் வழியாகத்தான் விட்டார்கள். நெய்டாக்கின் வேர் அந்தக் கூட்டம். அதனால் ஜூலையில் நீங்கள் எதையும் நடத்த வேண்டாம். உங்கள் கவுன்சில் பூங்காவில் அவர்கள் நடத்துவார்கள், குடும்பத்தோடு போய்ப் புல்தரையில் உட்காருங்கள்.

மே மாத விழாவைத் தாராளமாக நடத்துங்கள். நிகழ்ச்சி நிரலை அச்சடித்த பிறகு ‘நடனத்துக்கு ஆள் வேண்டும்’ என்று தேடாதீர்கள். மேற்கு சிட்னி தாருக் என்ற பூர்வகுடி மக்களின் மண். அவர்களின் மூத்தவர்களிடம் முதலில் பேசி, என்ன செய்யலாம், எது கூடாது என்று கேளுங்கள். அந்த மண்ணுக்கு வரவேற்பது அவர்களின் உரிமை. உங்கள் தலைவர் செய்யக்கூடியது அந்த மண்ணின் மக்களை மரியாதையோடு நினைவுகூர்வது மட்டுமே. சென்னையிலிருந்து வரும் பாடகருக்கு விமான டிக்கெட்டும் ஹோட்டலும் போடுகிற சங்கங்கள், உள்ளூர் பூர்வகுடிக் கலைஞரை ‘சமூகத்துக்காக’ இலவசமாக வரச் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அப்புறம் அவர்களை இரண்டு சினிமாப் பாட்டு நடனங்களுக்கு நடுவில் ஐந்து நிமிடத்துக்குத் திணிக்காதீர்கள்.

பறை? தாராளமாக அடியுங்கள், அவர்கள் வரவேற்பு முடிந்த பிறகு.