தூங்கி எழுந்தால் வைஃபை காணவில்லை!

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக 20 நாட்களுக்கு முன்பு உதிரி பாகங்களைத் தேர்ந்தெடுத்து, கடையிலேயே பூட்டித் தரச் சொல்லி ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். மதர்போர்டிலேயே வைஃபை இருக்கிறது. ரௌட்டர் இருப்பது அடுத்த அறையில்தான். ஆனாலும் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறுவதில்லை. ஸ்லீப்பில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் வைஃபையே மறைந்துவிடுகிறது. ஷட்டவுன் செய்து மறுபடி போட்டாலும் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. நள்ளிரவில் தானாகவே விழித்துக்கொண்டு மின்விசிறி வேறு ஓடுகிறது. கடைக்காரர், “விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம், தனியாக ஒரு வைஃபை டாங்கிள் (யூஎஸ்பி துளையில் சொருகும் சிறு வைஃபை கருவி) வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார். வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். யூஎஸ்பி துளைகளுக்கு அருகே பொன்னிறத்தில், மரையுடன் இரண்டு சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஆன்டெனா பூட்டியிருக்கிறதா? பூட்டாமல் விட்டிருந்தால் அடுத்த அறை என்ன, அதே அறையிலேயே சிக்னல் தடுமாறும். ஆன்டெனா மதர்போர்டின் பெட்டிக்குள்தான் வரும். பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் உடனே போய்க் கேட்டு வாங்குங்கள். அது நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருள். பூட்டிய பிறகு, மேசைக்கடியில் சுவரோரம் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் கிடக்க விடாமல் மேலே தூக்கி வையுங்கள்.

டாங்கிளை வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கியிருக்கிறது. பின்பக்கத்தில் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்தில் சொருகிய டாங்கிள் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். உங்கள் ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். என்னைக் கேட்டால், இடம் மாறாத கணினிக்கு ரௌட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவதே மேல்.

ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல துப்பு. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும்போது ஷட்டவுன் முழுமையாக நடப்பதில்லை. டிரைவர்களின் (கருவிகளை இயக்கும் மென்பொருள்களின்) பழைய நிலை சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே வைஃபை சிப் செத்துவிடவில்லை, பெரும்பாலும் டிரைவரில்தான் சிக்கல் இருக்கும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கிப் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்துங்கள்.

நள்ளிரவில் எழுப்புவது யார் என்பதை விண்டோஸே எழுதி வைத்திருக்கும். காலையில் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து ‘பவர் டிரபிள்ஷூட்டர்’ என்பதைத் தேடுங்கள். ‘வேக் சோர்ஸ்’ என்ற வரியில் விடை இருக்கும். மவுஸ் என்றால், அதன் எழுப்பும் அனுமதியை நீக்கிவிட்டு விசைப்பலகைக்கு மட்டும் விடுங்கள். டைமர் என்றால், பவர் ஆப்ஷன்ஸில் ‘வேக் டைமர்ஸ்’ அனுமதியை நிறுத்துங்கள். இன்னொன்று: ஸ்லீப்பில் இருக்கும்போது திறந்த வேலை, மின்சாரம் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகமான ரேமில்தான் இருக்கிறது. யூபிஎஸ் இல்லையென்றால், சேமிக்காமல் தூங்க வைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வைஃபை மறைந்தால் மதர்போர்டில் குறை இருக்கலாம். “திரும்பப் பெற மாட்டோம்” என்ற பேச்சு அப்போது செல்லாது. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீது தர மறுப்பதும் அப்படியே. உங்களுக்கு இன்னும் 10 நாட்கள் இருக்கின்றன. குறையை இன்றே எழுத்தில் கடைக்குத் தெரிவியுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே இல்லை.